தெருவில் நின்ற தேர்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் சங்கச் செய்யுட் சுவையும், கம்பன் கவிநயமும், வீரமாமுனிவர் தொண்டும் ஆண்டுதோறும் இடம்பெறுதல் வழக்கம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம் அவ்வழி நில்லாது, வாடகை மின்சார ஸ்கூட்டரைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு ஆசிரியப் பெருமக்கள் வியப்புறலாம். உடன்பயிலும் நண்பர் நகைக்கவுங் கூடும். யாம் இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. உலகின் பெருநகரங்கள் பல, இச்சிறு வண்டியை எங்ஙனம் நெறிப்படுத்துவது என்று அவை கூடி ஆராய்ந்திருக்கின்றன. நம் தஞ்சை மாநகரும் அவ்வாராய்ச்சியை ஒருநாள் மேற்கொள்ள வேண்டியே வரும் என்பது ஒன்று. மற்றொன்று, எம் நெஞ்சை ஓராண்டாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு குற்றம். முன்னதைப் பின்னர்க் கூறி, பின்னதை முன்னர்க் கூறுவோம்.

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெங்களூரில் வாழும் எம் அத்தையார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அந்நகரில் மெட்ரோ இரயில் நிலைய வாயில்களிலும் தெருமுனைகளிலும் சிறிய மின்வண்டிகள் வரிசையாக நிற்கும். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து, வண்டியின்மேல் ஒட்டப்பட்டுள்ள கட்டக் குறியைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். வேண்டிய தொலைவு சென்று இறங்கிக் கணக்கை முடித்துவிடலாம். பெட்ரோல் இல்லை, புகை இல்லை, ஓசையும் இல்லை. மிதிவண்டியன்றி வேறொன்றும் ஏறியறியாத எமக்கு, அன்று காலைப் பனியில் மர நிழல்களினூடே அவ்வண்டியிற் சென்றது பறவை சிறகு பெற்றாற் போன்றதோர் இன்பமாயிருந்தது.

ஆயின், ஆலய ஆராதனைக்கு நேரமாயிற்று. நிறுத்துதற்கென வகுத்த இடம் ஆலயத்தினின்றும் நூறு அடி அப்பால் இருந்தது. நூறு அடி நடக்க மனமின்றி, ஆலயத்தை அடுத்த நடைபாதையின் குறுக்கே வண்டியை விட்டுவிட்டு விரைந்தோம். அந்நடைபாதையின் நடுவே மஞ்சள் நிறத்திற் புடைப்புகளையுடைய ஓடுகள் ஒரு நேர்கோடாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவை அழகிற்காகப் பதித்தவை என்றே அன்று எண்ணினோம்.

பத்தடி சென்றிருப்போம்; பின்னே ஓர் ஓசை கேட்டுத் திரும்பினோம். வெண்கோல் ஏந்திய முதியவர் ஒருவர், அம்மஞ்சள் ஓடுகளைக் காலாலும் கோலாலும் தடவிக்கொண்டே வந்தவர், எம் வண்டியின்மேல் மோதி முழங்கால் தரையிற்பட வீழ்ந்து கிடந்தார். கண்ணில்லார் கால்களால் வழியறியும்பொருட்டே அவ்வோடுகள் பதிக்கப்பட்டன என்பதை அக்கணமே உணர்ந்தோம். அருகிற் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் ஓடிவந்து தூக்கினார். தருமபுரிப் பக்கத்துத் தமிழர் போலும். "எந்த மகராசன் வெச்சிட்டுப் போனானோ, பாவி!" என்று தமிழிலேயே வைதார். யாமும் ஓடிச்சென்று முதியவர் கையைப் பற்றினோம். உள்ளங்கை தோலுரிந்து குருதி கசிந்தது. அவர் அமைதியாக, "தம்பி, இந்த வண்டி யாருடையது?" என்று வினவினார்.

யாம் கூறிய விடை இது: "யாருடையதும் இல்லை, ஐயா. வாடகை வண்டி."

பொய் கூறவில்லை என்று யாம் எமக்கே சொல்லிக்கொண்டோம். வண்டி எம்முடையது அன்றே! முதியவர் தலையசைத்துவிட்டு, கோலைத் தேடி எடுத்துக்கொண்டு சென்றார். யாம் ஆலயத்துட் சென்று அமர்ந்தோம். அன்றைய அருளுரையில் ஒரு சொல்லும் எம் செவியில் ஏறவில்லை. இஃதே எம் குற்றம். இனி, இதனை யாரிடம் முதலிற் கூறினோம் என்பதைக் கூறுவோம்.

எம் பாட்டனார் பாபநாசத்திற்கு அணித்தான ஓர் ஊரிற் பல்லாண்டுகள் வாடகை மிதிவண்டிக் கடை நடத்தியவர். பழைய மாணவருள் அகவை முதிர்ந்தோர் அத்தகைய கடைகளை நன்கறிவர். மணிக்கு இத்துணைக் காசு என வாடகை; பெரியவர்க்கு முழுவண்டி, சிறுவர்க்கு அரைவண்டி; பலகையில் எண்; நோட்டுப் புத்தகத்திற் பெயர், தந்தை பெயர், தெரு, எடுத்த நேரம், விட்ட நேரம். தெரிந்தவர் சொல்லின்றி அயலூரார்க்கு வண்டி கிடையாது. நகராட்சியும் ஊராட்சியும் மிதிவண்டிக்கு வரி தண்டி வில்லை வழங்கிய காலம் அது. விளக்கின்றி இரவிற் சென்றாலும், இருவராய் ஏறிச் சென்றாலும் காவலர் நிறுத்திவிடுவர். இன்று கைப்பேசிச் செயலி செய்யும் வேலை முழுவதையும் அன்று ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் செய்தன என்க.

தை மாத விடுமுறையில் ஊர் சென்றபொழுது, திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனாரிடம் பெங்களூர் நிகழ்ச்சியைக் கூறினோம். சினந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ உள்ளே சென்று, பழந்தகரப் பெட்டியிலிருந்து பழுப்பேறிய நோட்டொன்றை எடுத்து வந்து, ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். அப்பக்கத்தில் ஒரு பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

அவர் கூறிய வரலாறு இது. ஒரு சம்பா அறுவடைக் காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவன் வண்டி எடுத்துச் சென்றான். வாய்க்கால் மதகருகே நண்பரைக் கண்டு, வண்டியை வழியின் குறுக்கே சாய்த்துவிட்டு அவருடன் போய்விட்டான். பொழுது சாய்ந்தது. களத்திற்கு நெற்கட்டுச் சுமந்து வரிசையாக வந்த பெண்டிருள் ஒருவர், தலைச்சுமையாற் கீழே பார்க்க இயலாதவராய், அவ்வண்டியின்மேல் இடறி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அறுப்புக் கூலியை நம்பி வாழ்ந்தவர். அவ்வறுவடை முழுவதும் அவருக்கு வேலையில்லாது போயிற்று. பாட்டனார் எலும்பு கட்டும் செலவை ஏற்றதுமன்றி, கை கூடும்வரை வாரந்தோறும் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னர் ஒரு விதி செய்தார். வண்டியைக் கடையிலேனும், அரிசி ஆலை வாயிலிலேனும், இரயிலடித் தேநீர்க்கடையிலேனும் விடலாம். வேறெங்கு விட்டாலும் இரட்டை வாடகை. ஆலைக் காவலர்க்கும் தேநீர்க்கடைக்காரர்க்கும் வண்டிக்கு இத்துணை என்று சிறு பங்கும் கொடுத்தார். அப்பிள்ளைக்கு மட்டும் மூன்று திங்கள் வண்டி மறுத்தார். அவன் தந்தை நேரில் வந்து கேட்டும் இசைந்திலர்.

"குற்றம் அவனுடையதாயிருக்க, அரிசி தாங்கள் கொடுப்பானேன்?" என்று வினவினோம்.

"வண்டி என்னுது, வழி எல்லாருது. என்னுதைக் கொண்டுபோய் எல்லாருதிலே விட்டவன் நான்தானே? அவன் பங்கு அவனுக்கு, என் பங்கு எனக்கு" என்றார். சிறிது நேரம் எம்மையே பார்த்துவிட்டு, "உன் பங்கு?" என்றார். எம்மிடம் விடையில்லை.

அன்றுமுதல், இவ்வாடகை வண்டிகளை உலக நகரங்கள் எவ்வாறு எண்ணின என்று தேடிப் படிக்கலானோம். அவற்றுட் சிலவற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

முதற்கண் பாரிசு நகரம். நின்றுகொண்டே ஓட்டும் வாடகை மின்சார ஸ்கூட்டர்கள் 2018ஆம் ஆண்டில் அங்கே புகுந்தன. நிறுவனங்கள் பல போட்டியிட்டு வண்டிகளைத் தெருவிற் கொட்டின. 2020இல் நகராட்சி மூன்று நிறுவனங்களுக்கே இசைவளித்து, வண்டிகளின் தொகையை 15,000 என வரையறுத்தது, நிறுத்துமிடங்களும் வகுத்தது, வேகத்திற்கும் எல்லை கட்டிற்று. 2021இல் ஒரு பெண்மணி ஸ்கூட்டரால் மோதுண்டு உயிர் நீத்தார். மக்கள் மனம் கொதித்தது. 2023 ஏப்பிரல் 2ஆம் நாள் நகரமாந்தரிடமே இவ்வினா விடப்பட்டது. வாக்களித்தோருள் நூற்றுக்கு 89 பேர் வேண்டா என்றனர். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியோடு அவ்வண்டிகள் அகன்றன. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வாக்குரிமையுடையோருள் நூற்றுக்கு 8 பேர்க்கும் குறைவானோரே அன்று வாக்களித்தனர். ஒரு பொருளைத் துய்ப்போர் அதன் நெறியைப் பற்றிப் பேச வாராதிருப்பின், அதனால் இடர்ப்பட்டோர் பேசுவர். அவர் தீர்ப்பே நிற்கும். அதனைக் குறை கூறுதற்கும் நமக்கு வாயில்லை.

அடுத்து, நம் தமிழரும் பெருந்தொகையினராக வாழும் சிங்கப்பூர். அங்கே முதலில் வந்தவை நிலையமின்றி எங்கும் விடத்தக்க வாடகை மிதிவண்டிகள். அவை பாலத்தடியிலும் படிக்கட்டிலும் குவிந்து கிடந்தன. 2018இல் அந்நாட்டு மன்றம் சட்டம் செய்து, நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்றது. ஓட்டுநர் வகுத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, அவ்விடத்திலுள்ள கட்டக் குறியைக் கைப்பேசியாற் காட்டினாலன்றிப் பயணம் முடிந்ததாகக் கருதப்படாது. தவறினால் ஐந்து வெள்ளி கட்டணம் சேரும். பாட்டனாரின் இரட்டை வாடகை விதியைக் கடல்கடந்த நாட்டிற் கண்டு யாம் வியந்தோம். நடைபாதைகளில் மின்சார ஸ்கூட்டர் ஓட்டுதலையோ, 2019 நவம்பர் 5 முதல் அவ்வரசு முற்றும் தடுத்துவிட்டது.

நம் நாட்டிலும் படிப்பினைகள் உள. மைசூரு நகரம் 2017இல் வாடகை மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியபொழுது, வண்டியை எடுக்கவும் விடவும் நிலையங்களை நகரெங்கும் அமைத்துக்கொண்டே தொடங்கிற்று. சென்னை மாநகராட்சியும் 2019இல் அவ்வழியே சென்றது. கோயம்புத்தூரில் 2018ஆம் ஆண்டு, சீனத்து ஓஃபோ நிறுவனத்தின் மஞ்சள் மிதிவண்டிகள் நிலையமின்றி ஓடின. அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் இந்தியாவை விட்டு நீங்கிற்று. வணிகன் நாட்டை விட்டு நீங்குதல் எளிது. அவன் தெருவில் விட்டுச்சென்றதை அகற்றுதல் ஊரார் கடனாய் விடுகின்றது. ஆதலின், நிறுவனம் போகுங்காலும் வண்டிகளை அகற்றுதற்குப் போதிய வைப்புத்தொகையை, வருங்காலத்திலேயே பெற்றுக்கொள்ளுதல் அறிவுடைமை.

சட்டத்தின் நிலையையும் சிறிது நோக்குவோம். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும், 250 வாட்டிற்குக் குறைந்த ஆற்றலும் உடைய மின்வண்டி, நம் நாட்டு விதிகளின்படி மோட்டார் வாகனம் எனக் கொள்ளப்படுவதில்லை. அதற்குப் பதிவும் வேண்டா, ஓட்டுநர் உரிமமும் வேண்டா. இவற்றின் மிக்க ஆற்றலுடைய வண்டிகளை வாடகைக்கு விடுவோர்க்கு 1997ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டம் உரிமம் வேண்டும் என்கின்றது. எனவே, வேகங்குறைந்த சிறு வண்டி சட்டத்தின் இரு கரைகளுக்கும் இடையே நழுவிச் செல்கின்றது. அதனை நெறிப்படுத்தும் கடமை, தெருவிற்கும் நடைபாதைக்கும் பொறுப்புடைய நகராட்சிகளின் கையிலேயே பெரிதும் வந்து விழுகின்றது.

இனி, தமிழ் பயில்வார் எனும் முறையிற் சில கூறுதற்கு இசைவு வேண்டுகின்றோம். தெருவில் வண்டி விட்ட பெருமக்களுள் முதல்வன் பறம்பின் கோமான் பாரியே. படர்தற்குக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே விட்டு, நடந்தே அரண்மனை மீண்டான் அவ்வள்ளல். இன்றைய நகரங்களிலும் கேட்பாரற்ற வாடகை வண்டிகளின்மேற் கொடி படர்கின்றது. விட்டுச் சென்றாரிடந்தான் பாரியின் அருள் இல்லை. அகநானூற்றில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனோ, பூவில் தாதுண்ணும் வண்டுகள் தேர்மணி ஓசைக்கு அஞ்சுமே என்று, மணிகளின் நாவைக் கட்டித் தேர் ஊர்ந்து வருகின்றான். வழியில் உள்ள சிற்றுயிரை எண்ணித் தன் ஊர்தியை ஒழுங்குசெய்துகொண்ட அச்செயலன்றோ நாகரிகம்! மின்வண்டியின் நிலை இதற்கு நேர்மாறு. அஃது ஓசையின்றி வருதலே கண்ணில்லார்க்கு இடர். அன்று வண்டிற்காக மணி அடங்கிற்று. இன்று முதியோர்க்காக மணி ஒலித்தல் வேண்டும். செயல் வேறாயினும் உள்ளம் ஒன்றே.

நம் காவிரி நாட்டுத் திருவாரூர் வரலாற்றை அறியாதார் யார்? சோழன் மகன் ஊர்ந்த தேர்க்காலில் ஒரு கன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகனையே அத்தேர்க்காலில் இட்டான். சேக்கிழார் இதனை விரித்துரைக்கின்றார். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் பாண்டியன் அவையில் இதனை எடுத்துக்காட்டுகின்றாள். தண்டனையின் கடுமையை இன்று யாரும் வேண்டார். ஆயினும் அக்கதையில் மூன்று கருத்துகள் உள: தெருவில் எளியதோர் உயிர்க்கும் வழியுரிமை உண்டு, ஊறுபட்டது முறையிடுதற்கு எட்டும் உயரத்தில் ஒரு மணி தொங்குதல் வேண்டும், ஊர்ந்தவன் மன்னன் மகனாயினும் விதி ஒன்றே. பாட்டனாரின் சிவப்பு மை அடித்த பெயரை யாம் நினைத்துக்கொண்டோம்.

இத்துணையும் கூறியதனால், வாடகை வண்டியே வேண்டா என்பது எம் கருத்தெனக் கொள்ளற்க. அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகச் சிற்றூர்ப் பெண்டிர் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல் உடைப்போரும், அங்கன்வாடிப் பணியாளரும், பூ விற்போரும் பேருந்திற்கும் ஆடவர் துணைக்கும் காத்திராமல் தாமே சென்று வந்தனர். ஓர் ஊர்தி மனிதர்க்கு விடுதலையும் தரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நம் விடுதி மாணவர், இரயிலடியினின்றும் சுமையோடு நடப்பதையும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவு வேலை முடித்த செவிலியர் விடியலிற் பேருந்திற்காகக் காத்து நிற்பதையும் யாம் நாளும் காண்கின்றோம். விலை கொடுத்து வண்டி வாங்க இயலாதார்க்குச் சிறு வாடகையில் ஒரு வண்டி கிடைக்குமாயின் அது நன்மையே. தடையினும் நெறியே நன்று என்பது எம் துணிபு.

ஆயின் அந்நெறியை எதனைக்கொண்டு அளப்பது? நம் நாட்டு உழவர் இதற்கோர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். மேட்டூர் திறந்து, கல்லணையிற் காவிரியும் வெண்ணாறும் புது ஆறும் கொள்ளிடமும் பகுக்கப்பட்டு, வாய்க்காலும் கிளைவாய்க்காலுமாக நீர் செல்லுங்கால், தலைமடைக்காரன் வயல் நிறைந்ததா என்று எவரும் கேட்பதில்லை. "கடைமடைக்குத் தண்ணீர் போனதா?" என்பதே வினா. கடைமடை காய்ந்ததாயின் பங்கீடு பிழைத்தது. மேலே எத்துணைப் பசுமை இருப்பினும் பிழைத்ததே. தெருவிற்கும் ஒரு கடைமடை உண்டு. விரைந்து செல்வோன் தலைமடைக்காரன். நடைபாதையில் மெல்லச் செல்லும் முதியவர், வயிற்றில் குழந்தை சுமக்கும் தாய், சக்கர நாற்காலியினர், வெண்கோல் ஏந்தியவர், இவர்களே தெருவின் கடைமடை. இவர்க்கு வழி கிடைத்ததா என்று வினவி, கிடைத்ததெனின் அவ்விதியை ஏற்க, கிடைத்திலதெனின் மாற்றுக.

தஞ்சாவூர் 2014இல் மாநகராட்சியாயிற்று. 2016இல் சீர்மிகு நகரத் திட்டத்திலும் சேர்ந்தது. அரண்மனையைச் சூழ்ந்த நான்கு வீதிகளும் முன்னாளில் தேருக்கும் பல்லக்கிற்கும் குதிரைக்குமாக அமைந்தவை. ஏறத்தாழ நூறாண்டு நின்றிருந்த பெரிய கோயில் தேரோட்டம், புதுத்தேர் செய்து 2015ஆம் ஆண்டு சித்திரையில் மீண்டும் நிகழ்ந்தது. அத்தேர் வீதிவலம் வரும் அன்று மட்டும் கடைக்காரரும் வண்டிக்காரரும் வழிவிட்டு ஒதுங்குகின்றனர். ஏனைய நாள்களிலோ பாதி வீதி வண்டி நிற்கவே போதவில்லை. இத்தகைய ஊரில் ஆயிரம் வாடகை வண்டிகள் ஒருநாள் திடீரென வந்து இறங்குமாயின் விளைவு யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின், வருமுன் காக்கும் முறையாகச் சிலவற்றைப் பணிவுடன் விண்ணப்பிக்கின்றோம்.

முதலாவது, நிறுத்துமிடம். பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம், இரயிலடி, இராசா மிராசுதார் மருத்துவமனை, பெரிய கோயிலையும் சிவகங்கைப் பூங்காவையும் அடுத்த பகுதி ஆகிய இடங்களில், நடைபாதையில் அன்று, சாலையோரத்தில் கோடிட்டு இடம் வகுத்தல் வேண்டும். வகுத்த இடத்தில் நின்றாலன்றி வாடகை ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். சாலையோரம் கார் நிறுத்தும் இடத்தில் ஒன்றைக் குறைத்தால் நான்கைந்து சிறு வண்டிகள் நிற்கும்.

இரண்டாவது, பொறுப்பு. வண்டியில் எவரும் தொட்டுணரத்தக்க எண்ணும், பேசத்தக்க ஒரு தொலைபேசி எண்ணும் இருத்தல் வேண்டும். அதுவே இக்காலத்து ஆராய்ச்சி மணி. முறையீடு வந்த இத்துணை நாழிகைக்குள் வண்டியை அகற்றாவிடின் நிறுவனம் தண்டம் இறுத்தல் வேண்டும். ஊறுபட்டார்க்கு ஈடு கொடுக்கும் காப்பீடு இன்றி ஒரு வண்டியும் தெருவில் இறங்கலாகாது.

மூன்றாவது, அவை. தெருவோர வணிகர்க்கென 2014இல் வந்த சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாத உறுப்பினர் அவ்வணிகராலேயே தேர்ந்தெடுக்கப்படல் வேண்டும் என்கின்றது. அதுபோல இவ்வண்டிகளைப் பற்றி எண்ணும் அவையிலும் கண்ணில்லாரும், முதியோரும், ஆட்டோ ஓட்டுநரும், மாணவரும் அமர்தல் வேண்டும். ஆட்டோ ஓட்டுநரின் பிழைப்பில் இவ்வண்டி கைவைக்கும் என்ற அச்சம் பொய்யன்று. அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே விதி செய்தல் முறையன்று.

இவ்விடத்து எம் உழவர் நண்பர் ஒருவர் எம்மை மடக்கினார். "நாமும் அறுவடைக்காலத்தில் தார்ச்சாலையில் நெல்லைக் காயப்போட்டுப் பாதி வழியை அடைக்கின்றோமே, நமக்கு மட்டும் விதி இல்லையா?" என்றார். உண்மை. இரவில் அந்நெற்குவியலிலும் அதனைச் சுற்றி வைத்த கற்களிலும் மோதி வீழ்ந்தார் உளர். களம் போதாமையால் நேரும் தேவை அது. வண்டியைக் குறுக்கே விடுதல் நூறு அடி நடக்கச் சோம்பியதால் நேர்வது. ஆயினும் இடறி வீழ்வார்க்கு இவ்வேறுபாடு தோன்றாது. களம் அமைத்துக் கொடுத்துப் பின் சாலையைக் காத்தல் போல, நிறுத்துமிடம் அமைத்துக் கொடுத்துப் பின் தண்டம் விதித்தல் வேண்டும் என்பதை அவர் வினா எமக்குக் கற்பித்தது.

விதிகள் எத்துணை வகுப்பினும், எவரும் காணாத இடத்தில் வண்டியை விட்டு இறங்குவோன் உள்ளத்தை எச்சட்டம் ஆளும்? நம் ஆண்டவர் உரைத்த நல்ல சமாரியன் கதையை இவ்வாண்டு முழுவதும் எண்ணிப் பார்த்தோம். அக்கதையும் ஒரு நெடுவழியில் நிகழ்ந்ததே. வழியில் வீழ்ந்து கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிச் சென்றனர். மூன்றாமவன் தன் ஊர்தியினின்றும் இறங்கி, அவனை அதன்மேல் ஏற்றித் தான் நடந்து சென்றான். விடுதிக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். யாமோ விலகிச் சென்றவரினும் கடையர். அவர்கள் வீழ்த்தியவரல்லர், யாம் வீழ்த்தியவர்.

இக்கோடை விடுமுறையில் மீண்டும் பெங்களூர் சென்றோம். அவ்வாலயத்தருகே அதே இடத்திற் பூக்கார அம்மையார் அமர்ந்திருந்தார். மூன்று ஞாயிறு காத்திருந்தும் முதியவரைக் காண இயலவில்லை. இறுதியில் அம்மையாரிடமே, "அன்று அந்த வண்டியை வைத்தவன் நான்தான், அம்மா" என்றோம். அவர் பூத்தொடுப்பதை நிறுத்தி எம்மை ஏற இறங்கப் பார்த்தார். வைவார் என்று நின்றோம். "இப்பவாச்சும் சொன்னியே" என்றார், பிறகு கையை நீட்டி, "அங்கே பார், இன்னிக்கும் ரெண்டு நிக்குது. ஓரமா நகத்து" என்றார்.

நகர்த்தினோம். தெருமுனைவரை நடந்து மேலும் இரண்டைக் கண்டு, அவற்றையும் மஞ்சள் ஓடுகளினின்றும் அகற்றிக் கோட்டினுள் நிறுத்தினோம். நான்கு வண்டிகள், நான்கும் கனமானவை, அவற்றுள் ஒன்றேனும் எம்முடையதன்று. "இந்த வண்டி யாருடையது?" என்று அம்முதியவர் இனி என்றேனும் எம்மை வினவுவாராயின், கூறுதற்கு எம்மிடம் வேறொரு விடை உளது. அதனை அவரிடம் கூறும் பேறு கிட்டுமோ, அறியோம். கிட்டுங்காறும், வழியிற் குறுக்கே கிடக்கும் வண்டியைக் காணுந்தோறும் அதனை ஓரமாக நகர்த்துதலே எம் பங்கு. இதனைப் படிக்கும் உடன்மாணவரும் அப்பங்கில் ஒரு கை கொடுப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை எய்தினோம் ஆவோம்.